லண்டன் மரமும் வன்னிச் சோளகமும்

தேத்தண்ணியையும் ஒரு துண்டு பனங்கட்டியையும் விறாந்தையில் வைத்துவிட்டு, அக்கா கைபேசியை என் பக்கம் திருப்பினார்.

"தம்பி, இதைப் பாருங்கோ. மகள் அனுப்பினவள். ஒரு இலையைக் காணேல்லை, மரம் முழுக்கப் பூ. இது என்ன சாதி?"

லண்டனில் பங்குனிக் குளிரில் எடுத்த படம். வீட்டு முகப்பில் ஆள் உயரத்தைவிடக் கொஞ்சம் கூடிய ஒரு மரம். மொட்டைக் கிளைகளில் வெள்ளையும் றோஸ் நிறமும் கலந்த பூக்கள், ஒவ்வொன்றும் என் கையிலிருந்த தேத்தண்ணிக் கோப்பை அளவு. மக்னோலியா என்றேன்.

"பேரை அவளும் சொன்னவள். இஞ்சை வைச்சால் வருமோ? அடுத்தமுறை வரேக்கை ஒரு கன்று கொண்டு வரட்டோ எண்டு கேக்கிறாள்."

கிளிநொச்சியில் அக்காவின் வளவு அரை ஏக்கர். யுத்தம் முடிந்து 2010இல் திரும்பி வந்தபோது அதில் நின்றவை இரண்டு பனையும், தலை போன தென்னை ஒன்றும்தான். இன்றைக்கு மா, பலா, வேம்பு, அன்னமுன்னா, வேலியோரம் முள்முருக்கு என்று நிழல் கட்டியிருக்கிறது. கேட்டவர் மரம் வளர்க்கத் தெரிந்தவர். அதனால் ஒரு வார்த்தையில் "வராது" என்று சொல்லி எழும்ப முடியவில்லை. ஏன் வராது என்று சொல்லவேண்டும், எது வரும் என்றும் சொல்லவேண்டும்.

முதலில் சட்டம். அனுமதிப்பத்திரம் இல்லாமல் வெளிநாட்டுக் கன்றைப் பெட்டிக்குள் வைத்துக் கொண்டுவர 1999ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கத் தாவரப் பாதுகாப்புச் சட்டம் விடாது. கட்டுநாயக்காவில் பறிபோகும். பறிபோகாமல் வந்து சேர்ந்தாலும் பூக்காது.

மகள் படம் எடுத்த பூவின் மொட்டு இந்த வருடம் கட்டியது இல்லை. போன கோடை முடியும்போதே கிளை நுனியில் கட்டி, பூனைக்குட்டியின் தோல் மாதிரி மயிர் முளைத்த சட்டை ஒன்றைப் போர்த்துக்கொண்டு, கார்த்திகை, மார்கழி, தை என்று நித்திரை கொள்ளும். அந்த நித்திரை கலைய ஒரு கணக்கு உண்டு. பல வாரம் குளிருக்குள் கிடக்கவேண்டும். போதிய குளிர் பட்ட பிறகுதான், அடுத்து வரும் இளஞ்சூட்டுக்கு மொட்டு சட்டையைக் கிழித்துக்கொண்டு வெளியே வரும். குளிர் குறைந்தால் அது விடிந்ததென்று நம்பாது.

இது அக்காவுக்குப் புதிய விஷயம் இல்லை. பிடுங்கிய வெங்காயத்தை அடுத்த நாளே நட்டுப் பார்த்தால் ஒழுங்காக முளைக்காது. பிடி பிடியாகக் கட்டித் தூக்கிக் காயவிட்டு, அதன் உறக்கம் கலைந்த பிறகுதான் நடுவோம். வெங்காயத்துக்குக் காலம் போனால் போதும், மக்னோலியாவுக்குக் குளிரும் வேண்டும். அதுதான் வித்தியாசம். தை மாத விடியற்புறத்தில் நாங்கள் போர்வை தேடுவதைக் குளிர் என்கிறோமே, அது 20 பாகை செல்சியசுக்குக் கிட்ட. லண்டன்காரர் அந்தச் சூட்டில் சட்டையைக் கழற்றுவார்.

"அப்ப நுவரெலியாவிலை வரும் போலை."

சொல்ல ஏலாது. அங்கே தையில் சில இரவுகளில் உறைபனிகூட விழும், உண்மைதான். ஆனால் விடிந்ததும் வெயில் ஏறிவிடும். லண்டனில்போல மாதக்கணக்காகக் குளிர் தொடர்ந்து நிற்காது. வன்னியில் அந்த ஒரு இரவும் இல்லை. கிணற்றடியில் வைத்துத் தண்ணீர் ஊற்றினால் கன்று ஒரு மாரி, தப்பினால் இரண்டு மாரி பச்சையாய் நிற்கும். ஆனி, ஆடியில் சோளகக் காற்று அடிக்கும்போது இலை விளிம்பு கடுதாசி எரிந்ததுபோல் கருகும். அதற்குப் பிறகு நீங்கள் காப்பாற்றுவது ஒரு தடியை.

தேத்தண்ணி ஆறிக்கொண்டிருந்தது. இருந்தாலும் அந்த மரத்தின் கதையைச் சொல்லாமல் விட மனமில்லை. லண்டன் முற்றங்களில் அதிகம் நிற்கும் இந்தச் சாதி காட்டில் பிறந்ததல்ல. எத்தியென் சூலான்ஜ்-போதான் என்று ஒரு பிரெஞ்சுக்காரர், நெப்போலியனின் படையில் இருந்தவர். சண்டை முடிந்து வீடு திரும்பி, பாரிசுக்குப் பக்கத்தில் தோட்டம் போட்டார். சீனத்திலிருந்து வந்த இரண்டு மக்னோலியாக்களை, ஒன்று வெள்ளை, மற்றது ஊதா, 1820இல் ஒன்றோடொன்று கலந்தார். அந்த விதைக்கன்று 1826இல் முதன்முதல் பூத்தது. ஜேர்மானியர் தன் தோட்டத்தில் முகாம் போட்டதையும், தான் அவர்களுடைய தோட்டங்களில் முகாம் போட்டதையும் நினைத்து, இரண்டு பகுதியும் வீட்டில் இருந்து கோவா நட்டிருந்தால் நல்லது என்ற கருத்தில் அவர் எழுதியிருக்கிறார். இதைச் சொன்னதும் அக்கா ஒன்றும் பேசவில்லை. என் கோப்பையை எடுத்து மிச்சத்தை ஊற்றிவிட்டு, புதுத் தேத்தண்ணி போட உள்ளே போனார்.

திரும்பி வந்தபோது நான் வளவின் மூலையில் நின்ற அன்னமுன்னாவைக் காட்டினேன். "அக்கா, அந்தக் குடும்பத்திலை ஒரு ஆள் ஏற்கெனவே உங்கடை வளவிலை நிக்கிறார்."

நம்பமாட்டேன் என்று சிரித்தார். ஆனால் தாவரவியல்காரரின் கணக்கில் அன்னமுன்னாவும், நெட்டிலிங்கமும், கண்டிப் பக்கத்துச் சாதிக்காயும் மக்னோலியாவும் ஒரே வரிசைக்குள் வருகின்றன. பெற்றோர் பிள்ளைகள் அளவுக்கு நெருக்கம் இல்லை, ஒன்றுவிட்ட சகோதரர் மாதிரி. பூவை உரித்துப் பார்த்தால் சாயல் தெரியும். இதழ் மெல்லிய தாள்போல் இராது, தேங்காய்ச் சொட்டுப்போல் தடித்திருக்கும். தேனீக்கள் உலகத்தில் பெருகுமுன்பே வந்த பூக்கள் இவை. இவற்றுக்கு மகரந்தம் சுமந்தவை வண்டுகள். வண்டு நடந்தும் கடித்தும் வேலை செய்கிறது, அதனால் மெல்லிய இதழ் தாங்காது என்பது அறிஞர்கள் சொல்லும் காரணம்.

இந்த உறவு எங்களுக்குத் தெரியாவிட்டாலும் ஒரு வண்ணத்துப்பூச்சிக்குத் தெரியும். கறுப்புச் சிறகில் இளம்பச்சைப் புள்ளிகளும் பின்னால் சின்ன வாலும் கொண்டு, ஓரிடத்தில் நில்லாமல் பறக்கும் ஒன்று. அது அன்னமுன்னா இலையிலும் நெட்டிலிங்கத்திலும் முட்டை இடும், சண்பகத்தைக் கண்டால் அதிலும் இடும். இலையைக் கசக்கி மணந்து பார்த்துச் சாதி பிரிக்கிற எங்களைவிட அது விண்ணாணம்.

சண்பகம். அக்காவின் கேள்விக்கு நான் கொண்டுவந்த பதில் இதுதான்.

வன்னியில் இந்தப் பெயரைச் சொன்னதும் ஒரு சிக்கல் வரும். செண்பகம் என்றால் எங்களுக்கு முதலில் குருவி. செம்பழுப்புச் சிறகும் சிவந்த கண்ணும் கொண்டு, வேலிக்குள் தத்தித் தத்தி நடந்து 'ஊப் ஊப்' என்று அடித்தொண்டையால் கூப்பிடுகிறதே, அது. மரத்தைக் கண்டவர்கள் இங்கே குறைவு. தெற்கிலிருந்து கன்றுகளை ஏற்றி வரும் லொறிக்காரரிடம் சண்பகம் என்று கேட்டால் முழிப்பார். 'சப்பு' என்று கேட்டால் எடுத்துத் தருவார். செம்மஞ்சளாய்ப் பூப்பதை அவர்கள் 'கினி சப்பு', அதாவது நெருப்புச் சப்பு என்பார்கள். நல்ல பெயர். விடிய வேளையில் இலைக்குள் அந்தப் பூவைப் பார்த்தவர்கள் ஒத்துக்கொள்வார்கள்.

சண்பகம் மக்னோலியாவேதான், உவமைக்குச் சொல்லவில்லை. லின்னேயஸ் 1753இல் அதற்கு மிக்கேலியா என்று வேறு பேரினப் பெயர் கொடுத்தார். மக்னோலியா கிளை நுனியில் பூக்கும், இது இலைக் கக்கத்தில் பூக்கும் என்பதுதான் பிரித்து வைத்ததற்குப் பெரிய காரணம். பிறகு மரபணுவைப் பார்த்தபோது அந்த வேலி நிற்கவில்லை. இன்றைக்கு அதன் பெயர் மக்னோலியா சம்பக்கா. பின்பாதி எங்கள் பக்கத்துச் சொல். முன்பாதி பிரான்சின் மொம்பெலியே நகரத்துப் பேராசிரியர் பியர் மக்னோலை நினைத்து வைத்தது. செடிகளைக் குடும்பம் குடும்பமாகப் பிரித்து அடுக்கலாம் என்று 1689இலேயே புத்தகம் போட்டவர் அவர்.

தமிழருக்கு இந்தப் பூ புதிதா என்ன? கபிலர் குறிஞ்சிப்பாட்டில் அடுக்கும் பூக்களில் சண்பகமும் ஒன்று. கும்பகோணத்துக்குப் பக்கத்தில் திருநாகேச்சரத்தில் அதுவே தலமரம். குற்றாலத்தில் ஓர் அருவிக்கே செண்பகாதேவி என்று பெயர். ஆனால் இந்த இடங்களைக் கவனியுங்கள். ஒன்று மலைச்சாரல், மற்றது காவிரி பாயும் ஊர். சண்பகம் ஈரத்தின் பிள்ளை. இலங்கையிலும் அது கண்டிப் பக்கம் தளதளவென்று நிற்கும், தச்சர்கள் பலகைக்கு அறுப்பார்கள். இலங்கையின் மலைக்காடுகளில் வளரும் ஒரு சொந்தக்காரரும் உண்டு, வெள்ளைப் பூ, சிங்களத்தில் 'வல் சப்பு'. அது மலையை விட்டு இறங்காது, அதைக் கேட்கவேண்டாம்.

ஆண்டுக்கு 1,750 மில்லிமீற்றருக்குக் குறைவாக மழை பெறும் இடத்தை உலர்வலயம் என்பார்கள். வன்னி அதற்குள். அந்த மழையிலும் பெரும்பகுதி ஐப்பசி முதல் மார்கழி வரை கொட்டி முடிந்துவிடும். பாலையும் முதிரையும் வீரையும் இந்தக் கணக்குக்குள் பிறந்தவை. சண்பகம் இங்கே விருந்தாளி. அதனால் லண்டன் மரத்தைப்போல் முடியவே முடியாத காரியம் இல்லை என்றாலும், சும்மா நட்டுவிட்டுப் போகிற காரியமும் இல்லை.

என் வளவில் மூன்றாவது கன்றுதான் பிழைத்தது. முதலாவதை வயற்காணியை நிரப்பிய பக்கத்தில் வைத்தேன். கார்த்திகை மழையில் மூன்று நாள் அடியில் தண்ணீர் நின்றது. நாலாம் நாள் இலை தொங்கியது. தண்ணீர் போதாதாக்கும் என்று நினைத்து இன்னும் ஒரு வாளி ஊற்றினேன். சண்பகத்தின் வேர் சதைப்பிடிப்பானது, மூச்சு முட்டினால் அழுகும். இரண்டாவதை மேட்டில், தெருப்பக்கம், வீட்டின் தென்மேற்கு மூலையில் வைத்தேன். சோளகம் நேரே வந்து முட்டுகிற இடம். ஆடியில் அது விறகு. இரண்டுக்கும் காற்றையோ மழையையோ குற்றம் சொல்ல முடியாது, இடம் பார்த்தவன் நான்.

ஆகவே இடம் இப்படி. வீட்டுக்கு வடகிழக்கே, சுவரிலிருந்து இருபது அடி தள்ளி. காலை வெயில் விழும். பின்னேரத்து வெயிலையும் சோளகத்தையும் வீடு வாங்கிக்கொள்ளும். குழியை மூன்றடி அகலம், இரண்டடி ஆழத்தில் புரட்டாதியிலேயே வெட்டி, மேல்மண்ணோடு நன்றாக உக்கிய மாட்டெருவும் இலைக் கூட்டெருவும் கலந்து நிரப்பி ஆறவிடவேண்டும். நிரப்பிய மண் நிலமட்டத்துக்கு அரையடி மேலே குவிந்து நிற்கட்டும். முதல் மழை நிலத்தை நனைத்த பிறகு, ஐப்பசிக் கடைசியில் கன்றை வைக்கலாம். பையைக் கிழிக்கும்போது மண்கட்டி உடையக்கூடாது. அந்த வேர் அறுந்தால் லேசில் திரும்ப முளைக்காது. இடம் மாற்றி நடுவதையும் அது மன்னிக்காது.

"தண்ணி?"

இங்கேதான் நான் அக்காவின் குசினிக்குள் போய் கேத்திலைக் கேட்டேன். மூடியைத் திறந்து உள்ளே விரலால் தடவினேன். அடியில் வெள்ளையாய் ஒரு படலம், நகத்தால் சுரண்டினால் தூளாய் வந்தது. கிணற்றுத் தண்ணீரில் சுண்ணாம்பு இருக்கிறது என்பதற்கு இதைவிடச் சோதனைச்சாலை வேண்டாம். சண்பகம் சற்றுப் புளிப்பான மண்ணை விரும்பும். சுண்ணாம்புத் தண்ணீரையே வருடக்கணக்காகக் குடித்தால் மண்ணிலுள்ள இரும்பை வேர் எடுக்க முடியாமல் போகும். புதுத் தளிர் மஞ்சளிக்கும், நரம்பு மட்டும் பச்சையாய்க் கோடு கோடாகத் தெரியும். பலர் அதைப் பார்த்து யூரியா போடுவார்கள். பசி வேறு, கொடுக்கிற சாப்பாடு வேறு. வருடத்துக்கு இரண்டு முறை இலைக் கூட்டெரு தாராளமாய்ப் போடுவதும், கிடைக்கிற காலமெல்லாம் மழைத்தண்ணீரையோ வாய்க்கால் தண்ணீரையோ ஊற்றுவதும்தான் மருந்து. அக்காவின் கேத்திலில் படலம் மெல்லியது, கடுதாசித் தடிப்புத்தான். பரவாயில்லை. அரை அங்குலம் கட்டி நிற்கிற கேத்தில்களும் வன்னியில் கண்டிருக்கிறேன். அந்த வீட்டுக்காரருக்கு நான் சண்பகம் சொல்லமாட்டேன்.

மாசி முதல் புரட்டாதி வரை நீர் வேண்டும். தினமும் ஒரு சொம்பு தெளிப்பது பிரயோசனமில்லை, வேர் மேலே மேலே ஓடிவரும். மூன்று நாளைக்கு ஒருமுறை இரண்டு வாளி. அதைவிடத் திறமானது, அடியில் சின்ன ஓட்டையுள்ள மண்முட்டி இரண்டைக் கன்றின் இரு பக்கமும் கழுத்துவரை தாட்டு, நிரப்பி மூடிவிடுவது. முட்டி நிரம்பியிருக்கிற வரைக்கும் வேருக்குக் குறையில்லை. அடியைச் சுற்றிச் சருகு போடவேண்டும், ஆனால் காய்ந்த வைக்கோல் வேண்டாம். எங்கள் மண்ணில் அது கறையானுக்குக் கலியாணச் சாப்பாடு. அரைவாசி உக்கிய சருகாய்ப் பார்த்து, தண்டிலிருந்து நாலு விரல் தள்ளிப் போடுங்கள். முதல் இரண்டு கோடைக்கும் தென்மேற்குப் பக்கம் ஒரு கிடுகுத் தட்டி. பக்கத்து வீட்டு ஆட்டுக்கு முழு வேலி.

இனிக் கன்று. விதையில் வந்ததா, ஒட்டா என்று கேட்டு வாங்கவேண்டும். தண்டின் அடியில், சாண் உயரத்துக்குள், முடிச்சுப்போல் ஒரு தழும்பு இருந்தால் ஒட்டுக்கன்று. இரண்டு மூன்று வருடத்தில் பூக்கும், மரமும் அடக்கமாய் நிற்கும். தழும்புக்குக் கீழிருந்து வரும் துளிரைக் கண்டவுடன் கிள்ளவேண்டும். விட்டால் மேலே உள்ள ஒட்டை அது அமுக்கிவிடும். விதைக்கன்று பூக்க எட்டுப் பத்து வருடம் செல்லும். ஈரவலயத்தில் 30 மீற்றரும் தாண்டி வளரும், இங்கே அவ்வளவு இராது.

"எனக்கு இப்ப அறுபத்திமூண்டு," என்றார் அக்கா, விரலை மடித்துக்கொண்டே. "அப்ப எனக்கு ஒட்டு. பேரனுக்கு விதைக்கன்று."

விதை போட ஆசையென்றால் பறவையோடு போட்டி போடவேண்டும். சண்பகக் காய் திராட்சைக் குலைபோல் தொங்கும், ஒவ்வொன்றும் சொரசொரவென்று சாம்பல் பூத்த பழுப்பு. முற்றியதும் வெடிக்கும். உள்ளே செம்மஞ்சள் சதை மூடிய விதை. அதை மைனா கொண்டுபோகுமுன் எடுத்து, சாம்பலோ மணலோ போட்டுத் தேய்த்துக் கழுவினால் கறுப்பு விதை வெளியே வரும். அதை உடனே நிழலில் போடவேண்டும். வத்தகப்பழ விதைபோல் காயவைத்துப் போத்தலில் போட்டு வைத்தால் சில வாரத்தில் உயிர் போய்விடும். போட்ட பிறகும் முளைக்க ஒன்றிரண்டு மாதம் எடுக்கும். இத்தனைக்குள் பலர் செத்த விதையென்று சட்டியைக் கொட்டிவிடுகிறார்கள்.

என் வளவில் பூத்த பூ ஒன்றைக் கடுதாசியில் சுற்றிக் கொண்டுபோயிருந்தேன். பிரித்ததும் விறாந்தை முழுக்க மணம். அக்கா இதழ்களை ஒவ்வொன்றாக எண்ணிக் கழற்றினார், பதினாலு வந்தது. நடுவில் பச்சைக் கூம்பு ஒன்று, அதைச் சுற்றிச் சுருள்படியாய் அடுக்கிய சின்னச் சின்னச் சூலகங்கள், அதற்குக் கீழே வளையமாய் மகரந்தத் தாள்கள். மகளிடம் சொல்லி லண்டன் பூவையும் ஒன்று உரித்துப் படம் அனுப்பச் சொன்னோம். அன்றிரவே வந்தது. நிறம் வேறு, அளவு வேறு, நடுவில் அதே கூம்பு. அவள் அனுப்பிய பூவின் விளிம்பு தேத்தண்ணிக் கறைபோல் பழுப்பாகியிருந்தது, முதல்நாள் உறைபனி பட்டதாம். அங்கேயும் அது ஒரு இரவில் பழுதாகிற பூதான்.

"இலை இல்லாமல் பூக்கிறதுதானே அழகு," என்று அக்காவுக்குக் கடைசியில் ஒரு குறை. சண்பகம் இலையோடுதான் பூக்கும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அதற்கும் லண்டன் வரை போகத் தேவையில்லை. கலியாணத்துக்குக் கன்னிக்கால் வெட்டுகிறோமே, அந்த முள்முருக்கு, மாசி பங்குனியில் இலையெல்லாம் கொட்டிவிட்டு வெறும் கிளையில் சிவப்பாய்ப் பூத்து நிற்கிறது அவருடைய வேலியிலேயே. சித்திரையில் காட்டோரக் கொன்றையும் அப்படித்தான், சரம் சரமாய் மஞ்சள். அங்கே குளிர் செய்கிற வேலையை இங்கே வரட்சி செய்கிறது. இலையை உதிர்த்துவிட்டுப் பூக்கிற வழக்கம் ஒன்றுதான்.

புரட்டாதிக்கு இன்னும் நாள் கிடக்கிறது. அக்கா குழிக்கு இடம் பார்த்து நாலு தடி ஊன்றிவிட்டார், வடகிழக்கு மூலையில். இரண்டு குழி.

இதை வாசித்துவிட்டுச் சப்புக் கன்று தேடுகிறவர்களுக்கு ஒன்று. வைகாசி தொடக்கம் ஆவணி வரை வீட்டைப் பூட்டிவிட்டுப் பிள்ளைகளிடம் போய் நிற்கிறவராயின் சண்பகம் வைக்கவேண்டாம். கொன்றை வையுங்கள். அது தன்பாட்டில் நிற்கும்.